படபடப்பை நம்பாதேங்கோ

சாட்சிக் கூண்டில் நின்றவர் பேசத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. என் நெஞ்சு ஓடத் தொடங்கிவிட்டது.

முதலில் தொண்டைக் குழியில் ஒரு துள்ளல். அடுத்து அதே துள்ளல் காதுக்குள். பிறகு, சேலைக்கு மேலால் வெளியே தெரிகிறதோ என்று குனிந்து பார்க்கும் அளவுக்கு நெஞ்சு முழுவதும் அடித்தது. கையில் இருந்த வழக்குக் கோவைக்குக் கீழே, யாரும் காணாமல், மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தேன். வைக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் வைத்தேன்.

சாட்சி கந்தளாய்ப் பக்கத்து உழவு இயந்திரச் சாரதி. தமிழ் தெரியாதவர். அவர் சிங்களத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். நான் சொல்வதைக் கேட்டு நீதவான் எடுத்துரைக்க, மன்றத் தட்டெழுத்தாளர் ஹபீபா அதை எழுதுவாள். அந்த மூன்று பேருக்கும் நடுவில் நிற்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. நான் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்.

வழக்கு ஒரு வீதி விபத்து. கிண்ணியாவைச் சேர்ந்த ஓட்டோ சாரதி ஒருவர் சைக்கிளில் வந்த பெரியவர் மீது மோதி, அந்தப் பெரியவர் இறந்துபோனார். கவனயீனமாக ஓட்டி மரணம் விளைவித்தார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் சாரதி மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போக வேண்டியிருக்கும். கண்ணால் கண்டவர் ஒரே ஒருவர். அவர்தான் எனக்கு அருகில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

நான் வேலைக்குத் திரும்பி அன்று மூன்றாம் நாள். தலை அடிபட்டு ஐந்தாவது வாரம்.

மான்

எங்கள் ஊரில் மான் வீதியில் நிற்பது, வேறு ஊர்களில் மாடு நிற்பதைப் போலத்தான். பஸ் நிலையத்தில் நிற்கும். மரக்கறிக் கடை வாசலில் நின்று முட்டைக்கோவா இலை தின்னும். அதனால் அன்று மாலை உப்புவெளியில் தங்கச்சி வீட்டில் இருந்து ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது, வீதியோரம் நின்ற மானை நான் கவனித்ததாகக்கூடச் சொல்ல முடியாது.

அது பாய்ந்தது. நான் பிரேக்கை அமத்தினேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, கன்னத்தில் ஒட்டியிருந்த மணலும் யாரோ ஒரு பெண் "அக்கா, கண்ணைத் திறவுங்கோ" என்று சொன்ன குரலும்தான். ஹெல்மெட் பின்பக்கம் வெடித்திருந்தது. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே இரத்தக் கசிவு இல்லை. மூளையதிர்ச்சி என்றார்கள். வெளிச்சம் கூடாது, ரெலிபோன் பார்க்கக் கூடாது, வாசிக்கக் கூடாது, ஆறு வாரமாவது ஓய்வு. தலையிடி வரும், தலைசுற்றும், பெயர்கள் மறக்கும் என்று துண்டில் எழுதித் தந்தார்கள்.

நெஞ்சைப் பற்றி அந்தத் துண்டில் ஒரு வரியும் இருக்கவில்லை.

குசினியில்

விழுந்து ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. காலை. தலையிடி கொஞ்சம் அடங்கியிருந்தது. இன்றைக்குச் சம்பல் நான்தான் செய்வேன் என்று அன்ரனிடம் பிடிவாதம் பிடித்துவிட்டுத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அன்ரன் என் கணவர். துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் எஞ்சின் பார்க்கிறவர். எங்கள் வீட்டில் இருந்து உள்துறைமுகம் கூப்பிடு தூரம்.

அந்தப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. கல்யாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து கேட்கிற சத்தம். அன்று அது என் முதுகுத்தண்டால் ஏறி வந்தது. நெஞ்சு ஒரு தரம் நின்றதுபோல் இருந்தது. பிறகு ஓடத் தொடங்கியது.

கை குளிர்ந்தது. விரல் நுனிகள் விறைத்தன. சுவாசம் பாதியில் நின்றது, மீதிக்கு இடம் இல்லை. குசினிச் சுவர் என்னை நோக்கி வருவதுபோல் இருந்தது. சாகப்போகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. திருவிய பூவைத் தட்டோடு நிலத்தில் வைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நன்றாக இருந்தது. மூன்று நாள் கழித்துத் திரும்பவும் போனோம். நன்றாக இருந்தது. அதே வாரம் மூன்றாம் தரமும் போனபோது, வாசலில் துண்டு எழுதுகிறவர் என் பெயரைக் கேட்காமலே எழுதினார். எனக்கு அந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது.

அன்று ஒரு பெண் டொக்டர். வயதில் என் மகள் போல. அவசரப்படாமல் கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"அம்மா, தலையில அடிபட்டா தலையிடி மட்டும் இல்லை. இதயம் எவ்வளவு வேகமா அடிக்கோணும் எண்டு சொல்லுற நரம்புகளும் கொஞ்ச நாளைக்குக் குழம்பும். சும்மா எழும்பி நிண்டாலே ஓடும். அது ஓட நீங்கள் பயப்பிடுறீங்கள். நீங்கள் பயப்பிட அது இன்னும் ஓடுது."

"அப்ப நான் என்ன செய்யிறது, டொக்டர்?"

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் நாடி பிடிச்சுப் பாக்கிறீங்கள்?"

"நாலஞ்சு தரம்," என்றேன்.

"நாப்பது தரம் இருக்கும்," என்றார் அன்ரன் பின்னால் நின்று.

டொக்டர் சிரிக்கவில்லை. "அதை முதல்ல நிப்பாட்டுங்கோ. ஓடினா ஓடட்டும். மூச்சை உள்ள எடுக்கிறதைப் பற்றி யோசிக்காதேங்கோ, வெளியில விடுறதை மட்டும் நீட்டி மெல்ல விடுங்கோ. பின்னேரத்தில கதைச்சுக்கொண்டு நடவுங்கோ. நடக்கேக்க முழு வசனம் கதைக்க ஏலும் எண்டா இதயம் தன்ர வேலையைச் செய்யுது எண்டு விளங்குங்கோ. நெஞ்சு நோ வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, தலையிடி கூடிச் சத்தி எடுத்தாலோ உடன வாங்கோ. மற்றும்படி உந்தப் படபடப்பை நம்பாதேங்கோ. அது பொய் சொல்லுது."

அந்தக் கடைசி வசனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனதுக்குள் அடிக்கடி சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது மருந்துபோல் இருந்தது.

ஒரு பழைய பஸ்

நான் பயந்த ஆள் இல்லை. இதை எழுதாவிட்டால் உங்களுக்கு மற்றது விளங்காது.

அப்பா கந்தளாயில் சீனி ஆலை ஓடிய காலத்தில் அங்கே இயந்திரம் பொருத்துகிற பிற்றராக வேலை செய்ததையும், நாங்கள் ஆலை விடுதியில் வளர்ந்ததையும் இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிங்களப் பிள்ளைகள். அவர்களோடு சண்டை பிடித்துத்தான் நான் சிங்களம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது பிறகு.

யுத்த காலம். நான் இருபது வயதைத் தொட்டிருந்தேன். கந்தளாயில் இருந்து வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். எனக்கு முன்னால் நின்ற வயதானவரின் பையில் ஒரு கடதாசிப் பொட்டலம். உள்ளே சின்னச் சின்னப் பற்றரிகள். பற்றரி கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. சிப்பாய் கத்திக் கேட்கிறான், அவர் பேசாமல் நிற்கிறார். பேசாமல் நிற்க நிற்க அவனுக்குக் கோபம் கூடியது. துவக்கு தோளில் இருந்து கைக்கு இறங்கியது.

நான் வரிசையை விட்டு வெளியே வந்து சிங்களத்தில் சொன்னேன்: அவருக்குக் காது சரியாகக் கேட்காது, அது அவர் காதில் இருக்கிற கருவிக்குப் போடுகிற பற்றரி. அவரைத் தொட்டு, கருவியைக் கழற்றிக் காட்டச் சொல்லிச் சைகை செய்தேன். சிப்பாய் அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். அது கீச்சென்று கத்தியது. அவன் தலையை இழுத்துக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

என் முதல் உரைபெயர்ப்பு அதுதான். அன்று நெஞ்சு ஓடியதாக நினைவு இல்லை.

அப்படி நின்றவள்தான் முப்பது வருடம் கழித்து, தன் சொந்தக் குசினியில், தேங்காய்ப் பூத் தட்டுக்கு முன்னால் செத்துப்போவேன் என்று நடுங்கினாள். இதை யாருக்குச் சொல்வது? கேட்டவர்களுக்கெல்லாம் "சுகம்" என்றே சொன்னேன்.

முழு வசனம்

கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டிப் பார்க்கிற மெஷின் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒட்சிசனோடு நாடித்துடிப்பையும் காட்டும். நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு. இலக்கத்தைப் பார்க்கப் பார்க்க இலக்கம் ஏறும். அன்ரன் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கையில் கட்டும் மணிக்கூட்டையும் வாங்கிக்கொண்டார். கழுத்து என்னிடம்தானே இருந்தது. கழுத்தில் விரலை வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். சுவர் மணிக்கூட்டையும் கழற்றினார்.

பின்னேரங்களில் துறைமுக வீதியால் நடந்தோம். நான் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருப்பேன். அவர் ஏதாவது கேட்பார். நான் முழு வசனத்தில் பதில் சொல்ல வேண்டும்.

"நேற்று என்ன கறி?"

"மீன்."

"வசனமாச் சொல்லு."

"நேற்று நீங்கள் கொண்டுவந்த பாரை மீனை நான் குழம்பு வைச்சனான்."

ஒருநாள் பாதி வழியில் அது தொடங்கியது. நான் மதிற்சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிடரி வேர்த்தது. "இஞ்சேருங்கோ, எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது? வசனத்தை முடி, ரெஜி."

"எனக்கு... இதுக்கு மேல நடக்க ஏலாது, ஏனெண்டா நெஞ்சு ஓடுது, ஓட்டோ பிடிச்சு வீட்டை போவம்."

"எவ்வளவு நீளமான வசனம். மூச்சு வந்ததுதானே." அவரும் சுவரில் சாய்ந்துகொண்டார். "எஞ்சினை நியூட்ரலில போட்டிட்டு முடுக்கினா இப்பிடித்தான் கத்தும். லோட் ஒண்டும் இல்லை. உடைய மாட்டுது. சத்தம் மட்டும்தான்."

மூச்சை வெளியே விட்டேன். இன்னும் நீட்டி விட்டேன். இழுவைப் படகு ஒன்று மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அது இறங்குதுறையை அணைந்து கயிறு போடும்வரை அப்படியே நின்றோம். பிறகு ஓட்டோ பிடிக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

நான் நல்லாகிவிட்டேன் என்று நினைத்தது அன்றைக்குத்தான். நீதிமன்றத்தில் என்னோடு வேலை செய்த மற்ற உரைபெயர்ப்பாளர் பிரசவ விடுமுறையில் போயிருந்தார். வழக்குகள் தவணைக்கு மேல் தவணை போய்க்கொண்டிருந்தன. ஆறு வாரம் முடியவில்லை. ஐந்தாவது வாரம் வேலைக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை

கூண்டில் நின்றவர் வேகமாகப் பேசுகிறவர். மேலே மின்விசிறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றியது. குழல் விளக்கு ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பிரேக் சத்தத்தைச் சொன்னார், சைக்கிள் தூக்கி எறியப்பட்டதைச் சொன்னார், அந்தப் பெரியவர் கிடந்த விதத்தைச் சொன்னார். எனக்குக் கன்னத்தில் மணல் ஒட்டியது.

"ஈட்ட இஸ்ஸெல்லா ஹோர்ன் கெஹுவா," என்றார்.

"அதுக்கு முந்தி ஹோர்ன் அடிச்சவர்," என்றேன்.

படபடப்பு அந்த இடத்தில்தான் தொடங்கியது. மணிக்கட்டில் விரலை வைத்து, எடுத்து, திரும்பவும் வைத்தேன். மூச்சை வெளியே நீட்டி விட்டேன். அவர் சொல்லச் சொல்ல என் வாய் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தது. கால்மணி நேரம் அப்படிப் போயிருக்கும். குறுக்கு விசாரணைக்காக வழக்கை அடுத்த செவ்வாய்க்குத் தவணை போட்டார்கள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. தப்பிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செருப்பைக் கழற்றும்போது அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. முந்தி.

அவர் சொன்னது 'அதற்கு முன்னதாக' என்று. எங்கள் பேச்சில் முந்தி என்றால் அதுதான். ஆனால் வாகனக் கதையில் முந்தி என்றால் தாண்டிப்போய் என்றும் பொருள் வரும். ஓட்டோ முந்தி ஹோர்ன் அடித்தது என்று பதிவாகியிருந்தால்? மோதுவதற்கு முன்னரே எச்சரித்தார் என்பது ஒன்று. சைக்கிளை முந்திக்கொண்டு போய் ஹோர்ன் அடித்தார் என்பது இன்னொன்று. ஒரு மனிதர் மறியலுக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பது அந்தச் சொல்லில் தொங்கியது.

நெஞ்சு ஓடியது. சாப்பாட்டுக்கு முன்னால் ஓடியது, சாப்பிடும்போது ஓடியது.

"டொக்டர் என்ன சொன்னவ?" என்றார் அன்ரன். "நம்பாதேங்கோ எண்டெல்லோ சொன்னவ."

"இது படபடப்பு இல்லை. இது சந்தேகம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டும் ஒரே இடத்தில்தான் அடித்தன. ஒரே வேகத்தில்தான் அடித்தன. ஒன்று பொய் என்று நான் பழகிக்கொண்டிருந்தேன். மற்றது உண்மையாக இருந்தால், அதையும் பொய் என்று மூச்சு விட்டுக் கரைத்துவிட்டால், பிறகு நான் யார்? புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, நாள் முழுவதும் பாத்திரம் கழுவும் பேசினில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அதற்குள் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வழக்கேடு

வியாழன் மதியம், பதிவாளரிடம் கேட்டு வழக்கேட்டைப் பார்க்க அனுமதி எடுத்தேன். ஹபீபா சோற்றுப் பார்சலை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டித் தந்தாள். எட்டு வருடமாக ஒரே மன்றில் வேலை செய்கிறோம். கிண்ணியாப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

விரலை வரிக்கு வரி வைத்து வாசித்தேன். எழுத்துகள் கொஞ்சம் ஆடின. அந்த வரி வந்தது. "அதற்கு முன்னதாகவே அவர் ஹோர்ன் அடித்தார்." நீதவான் அச்சொல்லைத் தெளிவாக எடுத்துரைத்திருக்கிறார். முன்னதாகவே. இரண்டாம் பொருளுக்கு அதில் இடமே இல்லை.

கதிரையில் சாய்ந்தேன். ஓடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல அடங்கியது. டொக்டர் சொன்னது சரி. பொய்தான் சொல்லியிருக்கிறது. இரண்டு நாள் என்னை ஆட்டிப்படைத்தது ஒரு பொய். சிரிப்புக்கூட வந்தது.

"சரியா அக்கா?"

"சரி, ஹபீபா. நீ சாப்பிடு."

கோவையை மூடுவதற்கு முன் சும்மா அடுத்த பக்கத்தையும் பார்த்தேன். "ஓட்டோ வீதியின் வலப்பக்கமாக வந்தது." அதற்கு இரண்டு வரி கீழே, "ஓட்டோவின் இடப்பக்கச் சில்லு வீதியோர மதகுச் சுவரில் உரசியது."

வலப்பக்கமாக வந்த ஓட்டோவின் இடப்பக்கச் சில்லு எப்படி மதகில் உரசும்?

சாட்சியின் கை நினைவுக்கு வந்தது. அவர் கூண்டின் விளிம்பில் இருந்து கையைத் தூக்கிப் பக்கத்தைக் காட்டினார். பெருவிரல் நகம் எதிலோ நசுங்கிக் கறுத்திருந்தது. அது இடது கை. எனக்குப் பக்கத்தில் இருந்த கை. வாயால் அவர் சொன்ன சொல் காதில் இல்லை; அந்தக் கைக்குப் பொருந்துவது வம் பெத்தென். சிங்களத்தில் வம் என்றால் இடது. ஆலை விடுதியில் ஏழு வயதில் படித்த சொல். களைத்துப்போன என் மூளை வம் என்று கேட்டு, அதைப் போலவே தொடங்கும் தமிழ்ச் சொல்லைப் பிடித்து, வலம் என்று கொடுத்திருக்கிறது.

நம் நாட்டில் வாகனம் போக வேண்டியது இடப்பக்கம். சாட்சி ஓட்டோ சாரதிக்குச் சாதகமாகச் சொன்னதை நான் பாதகமாக மாற்றியிருக்க வேண்டும்.

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும்: அந்த நேரம் என் நெஞ்சு ஓடவில்லை. அது பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. சரியான சொல்லுக்கு இரண்டு நாள் ஓடியது, பிழையான சொல்லுக்கு அசையவே இல்லை. நான் பயந்தது அதற்குத்தான்.

ஹபீபா என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டி வாசித்தாள். "நீங்க வலப்பக்கம் எண்டுதான் சொன்னீங்க அக்கா. நீதவான் ஐயாவும் அதைத்தான் எடுத்தார்."

"நான் சொன்னதுதான் பிழை போல."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "குறுக்கு விசாரணையில லோயர் எப்படியும் கேப்பார். அப்ப தானாச் சரியாயிடும். நீங்க பேசாம இருங்க."

"கேக்காட்டி?"

அவள் சோற்றுப் பார்சலை மூடி வைத்தாள். "சொன்னா, இந்த மூணு நாளும் நீங்க செஞ்ச எல்லாத்தையும் திரும்பப் பாக்கச் சொல்லுவாங்க. பழசையும் தோண்டுவாங்க. உங்கட வேலை, அக்கா."

அவள் என்மேல் உள்ள அன்பில் சொன்னாள். அது எனக்குத் தெரியும். வழக்கேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அன்ரன் ஒன்றே ஒன்று கேட்டார். "நீ எவ்வளவு நிச்சயம்?"

"அரைவாசி. அந்தக் கையைப் பாத்தது நிச்சயம். அவர் சொன்ன சொல்லு காதில இல்லை."

"அரைவாசி காணுமா, போய்ச் சொல்ல?"

"மற்ற அரைவாசியில ஒரு ஆள் மறியலுக்குப் போவார்."

திங்கட்கிழமை என் சேலையை அன்ரனே அயன் பெட்டியால் மினுக்கி வைத்தார்.

திறந்த மன்றில்

வழக்கு இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எதிரி கூண்டில் ஏறினார். குற்றஞ்சாட்டப்பட்டவரை எங்கள் மன்றில் எதிரி என்றுதான் சொல்வோம். சாட்சி தன் இடத்துக்கு வந்தார். நான் அவருக்கு அருகில் போகாமல் நீதவானுக்கு முன்னால் போய் நின்றேன்.

நெஞ்சு ஓடத் தொடங்கியது. ஓடட்டும்.

"ஐயா, தொடங்க முன்னம் ஒண்டு சொல்ல அனுமதி வேணும். போன தவணையில சாட்சி சொன்ன ஒரு சொல்லை நான் பிழையாச் சொல்லியிருக்கலாம் எண்டு நினைக்கிறன்."

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கலாமா, இருக்கா?"

"தெரியாது, ஐயா. தெரியாததாலதான் சொல்லுறன். அவர் இடப்பக்கம் எண்டு சொன்னதை நான் வலப்பக்கம் எண்டு சொல்லியிருப்பன்."

பின்னால் கதிரைகள் அசைந்தன. வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி எழுந்தார், எதிரியின் சட்டத்தரணியும் எழுந்தார். நீதவான் இருவரையும் கையால் இருத்தினார்.

"இருபது வருசமா வேலை செய்யிறீங்கள். ஏன் இப்பிடி நடந்தது?"

மின்விசிறிச் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். அவர் வேகமாகப் பேசினார் என்று சொல்லியிருக்கலாம். காதுக்குள் அடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்குக் கேட்காமல் போகும் என்று தெரிந்தது. மூச்சை வெளியே விட்டு, அது முடியும் இடத்தில் பேசினேன்.

"எனக்குத் தலையில அடிபட்டது, ஐயா. சுகமாகிட்டுது எண்டு சொல்லி வேலைக்கு வந்தனான். இன்னும் சுகமில்லை."

இந்த ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன்.

"இண்டைக்கு உங்களால செய்ய ஏலுமா?"

"ஏலாது, ஐயா."

அவர் பக்கத்து மன்றில் இருந்து வேறொரு உரைபெயர்ப்பாளரை அழைத்துவரச் சொன்னார். என்னைப் பார்த்துப் பொதுமக்கள் இருக்கும் நீள வாங்கைக் காட்டி, "போய் இருங்கோ," என்றார்.

வந்தவர் நிதானமான மனிதர். நீதவான் கேட்ட கேள்வியைச் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். சாட்சி யோசிக்கவே இல்லை. அதே கறுத்த நகத்தோடு அதே கையைத் தூக்கி, "வம் பெத்தென்," என்றார்.

"இடப்பக்கமாக," என்றார் உரைபெயர்ப்பாளர்.

ஹபீபாவின் விரல்கள் தட்டெழுதும் சத்தம் கேட்டது. முந்திய பதிவு பிழை, இதுவே சரியானது என்று நீதவான் பதியச் செய்தார். வேலைக்குத் திரும்பிய பிறகு நான் செய்த மற்ற இரண்டு வழக்குகளையும் திரும்பப் பார்க்கவும் உத்தரவிட்டார். ஹபீபா சொன்னதுபோலவேதான். ஒன்றில் ஒரு பிழையும் இல்லை. மற்றதில் ஒரு ஊரின் பெயர் மாறியிருந்தது. அதுவும் எனக்குத் தெரியாமலே நடந்தது.

என் வேலையைப் பறிக்கவில்லை. இரண்டு மாதம் விடுமுறை தந்தார்கள். அந்த இரண்டு மாதமும் டொக்டர் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன், நாடி பிடிப்பதைத் தவிர்ப்பது உட்பட. படபடப்பு ஒரேயடியாகப் போகவில்லை. நாளுக்கு ஐந்து தரம் வந்தது மூன்று தரமாகி, பிறகு வாரத்துக்கு ஒன்றாகி, ஒருநாள் அது கடைசியாக எப்போது வந்தது என்று யோசிக்க வேண்டியிருந்தது. இப்போதும் கூண்டுக்கு அருகில் நிற்கும்போது எப்போதாவது வரும். அது வந்தாலும் பதிவைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன், வராவிட்டாலும் வாசித்துப் பார்க்கிறேன். ஓட்டோ சாரதியின் வழக்கு பல மாதம் இழுத்து, கடைசியில் அவர் விடுதலையானார். என் ஒரு சொல்லால் மட்டும் அல்ல, வேறு சாட்சியங்களும் இருந்தன.

ஆனால் அன்று வாங்கில் நடந்ததைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க மனம் வரவில்லை.

நான் வாங்கின் ஓரத்தில் போய் இருந்தேன். பக்கத்தில் இருந்த இளம் பெண் மடியில் தூங்கிய பிள்ளையைத் தூக்கி மற்றப் பக்கம் போட்டு எனக்கு இடம் விட்டாள். முக்காட்டுக்குள் இருந்து அவள் கண்கள் எதிரிக் கூண்டிலேயே இருந்தன. அவள் ஓட்டோ சாரதியின் மனைவி என்று அப்போதுதான் விளங்கியது. மின்விசிறிச் சத்தத்தில் முன்னால் பேசியது எதுவும் அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்கவில்லை போலிருந்தது. நான்தான் அந்தப் பிழையைச் செய்தவள் என்பதாவது தெரிந்ததோ, அதுவும் எனக்குத் தெரியாது.

சாட்சி சொல்லி முடித்ததும் மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள். "என்ன சொன்னாரு அந்த ஆள்? எந்தப் பக்கமாம்?"

"இடப்பக்கம்."

"அப்ப எங்கட ஆள் சரியான பக்கத்திலதான் வந்திருக்காரு."

நெஞ்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓம் என்று சொல்ல வாய் வந்தது. அது என் வேலை இல்லை.

"அதை ஐயாதான் தீர்மானிக்கோணும், தங்கச்சி," என்றேன். "சாட்சி சொன்னது, இடப்பக்கம்."

அவள் அந்தச் சொல்லை ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் நெற்றியில் வேர்வையைத் துடைத்துவிட்டாள்.